முட்டி வரிசை

அந்தக் காலத்தில், பிராணிகளும் மனுஷர்களும் ஒரே பேச்சுப் பேசி, ஒருவரையொருவர் வாய்விட்டுத் திட்டிக்கொள்ளவும் முடிந்த காலத்தில், யார் உடம்பிலும் சொந்தமாகச் சூடு கிடையாது. இன்றைக்கு நாயின் வயிற்றைத் தொட்டால் கதகதவென்று இருக்கிறது. கோழியை அணைத்துத் தூக்கினால் கை சுடுகிறது. அன்றைக்கு அப்படியில்லை. நாய், கோழி, மான், மனுஷன் எல்லாருமே ராத்திரியானால் ஓடைக்கல்லைப் போலச் சில்லிட்டுப் போவார்கள். விடிந்ததும் அன்றைய பொழுதுக்கான சூட்டை வாங்கிக்கொண்டால்தான் கைகால் ஆடும்.

சூட்டைக் கொடுத்தவன் சூரியன். கேட்டவருக்கெல்லாம் அள்ளிக்கொடுக்கிற ஆள் இல்லை அவன். காட்டுக்குக் கிழக்கே ஒரு பெரிய மொட்டைப் பாறை இருந்தது. கருக்கலிலேயே எல்லாரும் அங்கே ஊர்ந்தும் தள்ளாடியும் வந்து சேர வேண்டும். கிழக்கே பார்த்து நின்று வணக்கம் செய்ய வேண்டும். வணக்கம் என்றால் வெறுமனே கும்பிடு போடுவது அல்ல. கை கூப்பி நின்று, கையை மேலே தூக்கி, அப்படியே குனிந்து தரையைத் தொட்டு, ஒரு காலைப் பின்னால் நீட்டி, மறுகாலையும் நீட்டிப் பலகை மாதிரி நின்று, உடம்பைத் தரையோடு இறக்கி, நெஞ்சை மட்டும் நிமிர்த்தி, பிறகு இடுப்பைத் தூக்கி, போன வழியிலேயே திரும்பி வந்து மறுபடி கை கூப்பி நிற்க வேண்டும். நடுவில் எங்கும் நிற்காமல், மூச்சோடு மூச்சாக, ஓடையில் தண்ணீர் இறங்குவது போலச் செய்ய வேண்டும். முடித்தவனுக்கு முடித்த நேரத்தில் சூடு உடம்பில் இறங்கும். முந்தி முடித்தவனுக்கு முந்தி, பிந்தி முடித்தவனுக்குப் பிந்தி.

கை இல்லாத பாம்பு எப்படிச் செய்தது, இறக்கை உள்ள பறவை எப்படிச் செய்தது என்று குறுக்கே கேட்கிறவர்கள் இந்தக் கதையைக் கேட்க லாயக்கில்லை. செய்தார்கள். அவரவர் உடம்பை வைத்து அவரவர் செய்தார்கள்.

பாறைமேல் ஒழுங்கு பார்த்தவர் கொக்கு. நாளெல்லாம் ஒற்றைக்காலில் நிற்கக்கூடியவர் என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. எல்லாரும் அவரை ஒற்றைக்காலார் என்று மரியாதையாகச் சொல்வார்கள். அவர் கூட்டத்தை மூன்று வரிசையாகப் பிரித்து வைத்திருந்தார். நன்றாகத் தேர்ந்தவர்கள் முன்வரிசை. கீரி, மான், வல்லூறு, நல்லபாம்பு எல்லாம் அங்கே. ஒரு மூச்சுக்கு ஓர் அசைவு என்று அவர்கள் செய்வதைப் பார்த்தால் கண் எடுக்க முடியாது. தேறி வருகிறவர்கள் நடுவரிசை. இப்போதுதான் பழகுகிறவர்கள் பின்வரிசை. அணில், ஆமை, மனுஷன், ஓணான் எல்லாம் பின்வரிசை.

மனுஷன் பின்வரிசையிலா என்று முகம் சுளிக்க வேண்டாம். குனிந்தால் அவன் கை முழங்காலைத் தாண்டாது. இன்றைக்கும் எத்தனை பேருக்குத் தாண்டுகிறது?

பின்வரிசைக்காரர்களுக்கு ஒற்றைக்காலார் ஒரு சலுகை கொடுத்திருந்தார். பலகை நிலையிலிருந்து உடம்பை இறக்குவதுதான் வணக்கத்திலேயே கஷ்டமான இடம். முன்வரிசை அப்படியே விறைப்பாக, முழங்கால் படாமல், கைப்பலத்திலேயே தரையோடு இறங்கும். பின்வரிசைக்கு அது ஆகாது. அதனால் அவர்கள் முதலில் முட்டியை வைக்கலாம், அப்புறம் நெஞ்சை வைக்கலாம், அப்புறம் தாடையை வைக்கலாம். இறங்கின பிறகு எல்லாருக்கும் ஒரே வழிதான். இந்தச் சலுகையைப் பார்த்துத்தான் கீரி அவர்களுக்கு முட்டி வரிசை என்று பெயர் வைத்தது. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அணிலுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. யாராவது முட்டி வரிசை என்றால், ஆமாம், அதற்கு இப்போ என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விடும். மனுஷனுக்கும் அவ்வளவாக இல்லை. அவன் பெயர் காத்தான். முட்டியை வைக்கும்போது மட்டும் ஒரு முனகு முனகுவான். ஓணானுக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

ஓணானின் பெயர் கரட்டாண்டி. அவன் மனைவி வேலம்மை. பாறைக்குக் கீழே ஒரு வேலமரத்துப் பொந்தில் குடியிருந்தார்கள். கரட்டாண்டி நல்லவன்தான். வேலம்மையிடம் ஒரு நாளும் கடிந்து பேசினவன் இல்லை, பிடித்த பூச்சியில் பாதி அவளுக்கு வைக்காமல் தின்றவனும் இல்லை. ஆனால் யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், அவன் கழுத்து தானாக நிமிரும். யாராவது சிரித்தார்கள் என்று தோன்றினால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

வேலம்மைக்கு ஒரு தம்பி இருந்தான். போன மார்கழியில் ஒரு நாள் மூன்று பேருமாகப் பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். பனி இறங்கி, பாதி வழியிலேயே மூன்று பேருக்கும் கால் விறைத்துவிட்டது. வல்லூறு அன்று சீக்கிரமே வணக்கத்தை முடித்துச் சூடு வாங்கியிருந்தது. பாறைமேல் இருக்கும்வரை யாரும் யாரையும் தின்னக்கூடாது என்பது சட்டம். பாறைக்குக் கீழே அவரவர் சாமர்த்தியம். வல்லூறு ஒரே வீச்சில் இறங்கித் தம்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கரட்டாண்டியும் வேலம்மையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். கண் மட்டும் அசைந்தது. கால் அசையவில்லை. வாயைத் திறந்து கத்தக்கூட முடியவில்லை.

அவன் போன பிறகு அந்தக் காட்டில் ஓணான் என்று மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான். வேலம்மை ஒவ்வொரு நாளும் பொந்தைவிட்டு வெளியே வரும்போது வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் எல்லாரும் வணக்கத்தை முடித்த பிறகு சூரியன் பாறையைப் பார்த்துப் பேசினான்.

"தினமும் ஒவ்வொருத்தருக்கும் அளந்து கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. உங்களுக்கும் அலுப்புத்தான். தை பிறக்கிற அன்றைக்கு நான் வடக்கே திரும்புகிறேன். அன்று காலையில் எல்லாரும் வாருங்கள். ஒரே ஒரு வணக்கம். நான் முழுதாக எழுவதற்குள் ஆரம்பித்து முடித்துவிட வேண்டும். முடித்தவர்களுக்குச் சூட்டை உடம்புக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். அவர்களுக்கும் அவர்கள் குலத்துக்கும் அது ஆறவே ஆறாது. அப்புறம் யாரும் என்னிடம் வந்து நிற்க வேண்டாம்."

அணில்தான் பின்னாலிருந்து கேட்டது.

"முட்டி வைத்துச் செய்தால் கணக்கில் வருமா?"

கீரி களுக்கென்று சிரித்தது. சூரியன் சிரிக்கவில்லை.

"எனக்கு மேலேயிருந்து பார்த்தால் எல்லா வரிசையும் ஒன்றுதான். முட்டி வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி. நடுவில் நிற்கக் கூடாது, ஆரம்பித்ததை முடிக்க வேண்டும். அவ்வளவுதான்."

இதைக் கரட்டாண்டியும் கேட்டான். காதில் விழவில்லை என்று பிற்பாடு சொல்ல முடியாது. நன்றாகவே கேட்டான்.

அன்று வீடு திரும்பும்போது வேலம்மைக்குக் கால் தரையில் பாவவில்லை. "என்னங்க, சூடு உள்ளேயே இருந்துட்டா மார்கழி விடியக்காலையிலேகூட ஓடலாம்ல? வல்லூறு வந்தா வரட்டும்னு ஓடலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஓடலாம் புள்ள. நீ முன்னாலே ஓடு, நான் பின்னாலே வரேன்" என்றான் அவன்.

மறுநாளிலிருந்து பாறையில் பயிற்சி சூடு பிடித்தது. நாள் முழுக்க மூச்சை இழு, மூச்சை விடு என்ற ஒற்றைக்காலாரின் குரல்தான். கரட்டாண்டியும் விடாமல் பழகினான். அவனுக்குப் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்பது தகராறு, வால் ஒரு பக்கம் இழுத்துவிடும். குனிவதும் சுமார்தான். ஆனால் பலகை நிலை மட்டும் அவனுக்கு அற்புதமாக வந்தது. முன்னங்கை இரண்டும் கம்பு ஊன்றினது போல நேராக, முதுகு வளையாமல், தலை தூக்கி நிற்பான். ஒரு நாள் கீரி தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் அதைப் பார்த்து நின்றது.

"அட, பலகை உனக்கு நன்றாக வருகிறதே. முன்வரிசையில்கூட இவ்வளவு நேராக யாருக்கும் இல்லை" என்றது.

கீரி சொல்லிவிட்டுப் போய்விட்டது. தண்ணீரைக் குடித்ததும் சொன்னதையே மறந்தும் போயிருக்கும். கரட்டாண்டிக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதன்பிறகு அவன் பழகியதெல்லாம் பலகைதான். நிற்பதில்லை, குனிவதில்லை, நேரே பலகைக்குப் போய்விடுவான். போய்விட்டு யாராவது பார்க்கிறார்களா என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பான். முட்டி வைக்கிற இடம் வந்ததும் எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். ஒற்றைக்காலார் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"கரட்டாண்டி, முட்டியை வை."

"வைக்கிறேன் ஐயா. பலகையைக் கொஞ்சம் சரி பண்ணிக்கிறேன்."

"பலகை சரியாகத்தான் இருக்கிறது. உனக்குச் சரியில்லாதது அதற்கு அடுத்தது. அதைப் பழகு."

"அடுத்ததை முட்டி இல்லாமலே இறங்கிடலாம்னு பார்க்கிறேன் ஐயா."

ஒற்றைக்காலார் அவன் கையைப் பார்த்தார். "இறங்கலாம். உனக்கு அந்தப் பலம் வரும். ஆனால் இந்தத் தைக்கு வராது. அடுத்த தைக்கு வரலாம். இந்தத் தைக்கு முட்டியை வை" என்று சொல்லிவிட்டு ஆமைக்கு மூச்சுச் சொல்லப் போனார். அவர் பேச்சில் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. ஆனால் கீரி அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்ததால் கரட்டாண்டிக்கு அது சபையில் வைத்து அடித்தது போல இருந்தது.

தை பிறந்த அன்று பாறை முழுக்கப் பனி மூடியிருந்தது. இன்றைக்கு விட்டால் இனி இல்லை என்பதால் நடக்க மாட்டாதவர்கள்கூட வந்து சேர்ந்திருந்தார்கள். வேலம்மை பின்வரிசையில் அணிலுக்கும் காத்தானுக்கும் நடுவே இரண்டு ஆள் இடம் பிடித்து வைத்திருந்தாள். கரட்டாண்டி வந்தான். அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு முன்னால் நடந்தான்.

"என்னங்க, எங்கே போறீங்க? நம்ம இடம் இங்கே இருக்கு."

"நான் முன்னாலே நிக்கிறேன் புள்ள."

"வேணாங்க. உங்க கை இன்னும் ஆகலேன்னு ஒற்றைக்காலார் சொன்னாரில்ல?"

"அவர் பார்த்தது அன்னைக்கு. நேத்து சாயங்காலம் பொந்துல ஒரு தடவை இறங்கிட்டேன்."

இது பொய். இறங்கவில்லை, விழுந்தான். வேலம்மையும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தாள். ஆனால் நாலு பேர் பார்க்க அதைச் சொல்லி அவனைக் குறுக வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள். அன்று சொல்லியிருக்கலாம் என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

கரட்டாண்டி முன்வரிசையில் கீரிக்கும் மானுக்கும் நடுவே போய் நின்றான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அவரவர் பாடு.

கீழ்வானம் வெளுத்தது. ஒற்றைக்காலார் மூச்சை இழு என்றார். பாறை முழுக்க ஒரே சமயத்தில் கைகள் மேலே போயின. விடு என்றார். எல்லாரும் குனிந்தார்கள். முன்வரிசை அடுத்த மூச்சில் ஒரு காலை நீட்டியது, அதற்கடுத்த மூச்சில் மறுகாலை நீட்டியது. பின்வரிசை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மூச்சு எடுத்துக்கொண்டு அதன்பாட்டில் வந்தது. கரட்டாண்டி நிற்கும்போது கொஞ்சம் தள்ளாடினான், குனியும்போது வால் இடித்தது. ஆனாலும் சமாளித்துப் பலகைக்கு வந்துவிட்டான். வந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. கை நேராக நின்றது. முதுகு நேராக நின்றது. கீரி பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தான்.

"இறங்கு" என்றார் ஒற்றைக்காலார்.

முன்வரிசை முழுக்க ஒரே மூச்சில் தரையோடு இறங்கியது. கரட்டாண்டியும் இறங்கினான். பாதி வந்ததும் முழங்கை நடுங்கியது. இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் முகம் பாறையில் மோதும். முட்டியை வைத்தால் முடிந்தது. முட்டி பாறைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஆனால் இடப்பக்கம் கீரி, வலப்பக்கம் மான். அவன் முட்டியை வைக்கவில்லை. தம் பிடித்து மேலே எழுந்து மறுபடி பலகைக்கு வந்தான். இந்தத் தடவை இறங்கிவிடலாம் என்று மறுபடி இறங்கினான். பாதியில் மறுபடி கை நடுங்கியது. மறுபடி எழுந்தான்.

பக்கத்தில் கீரி நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பைத் தூக்கி, காலை முன்னால் வைத்துப் போய்க்கொண்டே இருந்தது. மானும் போய்விட்டது. கரட்டாண்டி இறங்கினான், எழுந்தான். தம் பிடித்துத் தம் பிடித்து அவன் கழுத்து ரத்தச் சிவப்பாகிவிட்டது.

"முட்டி, கரட்டாண்டி. முட்டியை வை" என்று ஒற்றைக்காலார் முன்னாலிருந்து சொன்னார். சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அதனாலேயே அவன் வைக்கவில்லை.

பின்வரிசையில் வேலம்மை அப்போதுதான் முட்டியை வைத்து, நெஞ்சை வைத்து, தாடையைப் பாறையில் வைத்திருந்தாள். வலப்பக்கம் அணில் வைத்தாயிற்று. இடப்பக்கம் காத்தான் முனகிக்கொண்டே வைத்தான். கஷ்டமான இடம் தாண்டிவிட்டது, இனி நெஞ்சை நிமிர்த்தினால் மீதி உள்ளதெல்லாம் சுலபம். தாடை பாறையில் இருந்தபடியே அவள் முன்னால் பார்த்தாள். அத்தனை கால்களுக்கு நடுவே தன் புருஷனின் முதுகு மேலே போவதும் கீழே வருவதும் தெரிந்தது.

பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சூரியன் சொன்னதைக் கேட்டவள்தானே அவளும். தம்பியை வல்லூறு தூக்கிக்கொண்டு போனது கண்ணில் வந்து போயிற்று. அவள் எழுந்தாள்.

"அக்கா, போகாதே. உனக்கு முடியப் போகிறது" என்று அணில் நெஞ்சை நிமிர்த்தியபடியே சொன்னது.

"நான் மட்டும் முடிச்சு என்ன பண்ண?" என்றாள் வேலம்மை. கூட்டத்தின் கால்களுக்கு இடையே புகுந்து ஓடி முன்வரிசைக்கு வந்தாள். அவன் பக்கத்தில் போய், முகத்துக்கு நேரே, தன் முட்டி இரண்டையும் பாறையில் வைத்தாள்.

"இங்கே பாருங்க. நானும் வச்சுட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து முட்டி வச்சா யார் என்ன சொல்லப் போறா? வைங்க. அப்படியே எழுந்துடலாம். இன்னும் நேரம் இருக்கு."

கரட்டாண்டி அவளைப் பார்த்தான். அவள் ஏன் இங்கே வந்தாள், எதை விட்டுவிட்டு வந்தாள் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு நொடியில் புரிந்தது. பிறகு அவன் கண் ஓரமாகக் கீரி பக்கம் போயிற்று.

"இதோ, இந்தத் தடவை இறங்கிடும் புள்ள" என்றான். தாழ்ந்தான். எழுந்தான்.

அதற்குள் சூரியன் முழுதாக எழுந்துவிட்டான்.

பாறைமேல் சூடு இறங்கியது. மான் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. அணில் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மறுபடி தொட்டுப் பார்த்து, அங்கேயே குதித்தது. காத்தான் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதான். நல்லபாம்புக்குச் சூடு கிடைக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்துகிற இடத்தில் படத்தை விரித்தது, அழகாக இருக்கிறதென்று யாரோ சொன்னதும் அப்படியே நின்றுவிட்டது. ஆமையும் முடிக்கவில்லை. ஏன் என்பது தனிக்கதை, அதை ஆமையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரட்டாண்டி மூச்சிரைக்க நின்றான். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கீரி அவனைத் தாண்டிப் போனபோது அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணே, நான் இறங்கினதைப் பார்த்தீங்களா? கொஞ்சந்தான் பாக்கி. முட்டி வைக்கலை, பார்த்தீங்கல்ல?"

கீரி நின்று அவனை மேலும் கீழும் பார்த்தது.

"நீ முன்வரிசையிலா நின்றாய்? நான் பார்க்கவே இல்லையே. நான் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வேன்" என்றது. சொல்லிவிட்டுப் புதருக்குள் ஓடிவிட்டது. அதன் உடம்பிலிருந்து வந்த சூடு ஒரு கணம் கரட்டாண்டியின் முகத்தில் பட்டுப் போயிற்று.

அவன் மானைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருக்கும்.

வேலம்மை அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. நேரே பாறையின் உச்சிக்குப் போய்ச் சூரியனைப் பார்த்து நின்றாள்.

"அவர்தான் கிறுக்குத்தனம் பண்ணினார். நான் என்ன பண்ணினேன்? எனக்கும் கிடையாதா?"

"நீயும் பாதியில் எழுந்து போனாயே அம்மா" என்றான் சூரியன். சொல்ல அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நீ எதற்காக எழுந்தாய் என்று பார்த்தேன். ஆனால் நடுவில் நிற்கக் கூடாது என்று சொன்னவன் நான். நானே அதை மீறினால் நாளைக்கு நேரத்துக்கு எழுவான் என்று யார் என்னை நம்புவார்கள்?"

"அப்போ அடுத்த மார்கழியிலே வல்லூறு எங்களையும் தூக்கிட்டுப் போகட்டுமா? எங்க குலத்துல நாங்க ரெண்டே பேர்தான் மிச்சம்."

சூரியன் கீழே நின்ற கரட்டாண்டியையும் பார்த்தான். பனி விலகிக்கொண்டிருந்தது.

"சூட்டை உங்கள் உள்ளே வைக்க முடியாது. வெளியே இருக்கிறேன். தினமும் வந்து காயுங்கள். வணக்கமும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். சும்மா வந்து உட்கார்ந்தால் போதும், தருகிறேன். நான் வருவதற்கு முன்னால் விறைத்துக் கிடக்கும் நேரத்துக்கு வேறு ஒன்று தருகிறேன். கிளையில் இருந்தால் கிளை நிறமாக இருப்பீர்கள், மண்ணில் இருந்தால் மண் நிறமாக இருப்பீர்கள். ஆடாமல் இருந்தால் வல்லூறின் கண்ணுக்கு நீங்கள் பட்டையும் சருகுமாகத்தான் தெரிவீர்கள்."

வேலம்மை அதை வாங்கிக்கொண்டாள். அவள் கேட்டது அதுவல்ல. ஆனால் அதை வைத்துக்கொண்டு பிழைக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தது. பிழைத்தார்கள். அவர்கள் பிழைத்ததால்தான் இன்றைக்கு வேலிக்கு வேலி ஓணான் இருக்கிறது.

காத்தான் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே சூடு வந்த பிறகு இனி எதற்கு என்று மற்றப் பிராணிகள் வணக்கத்தை விட்டுவிட்டன. நாயும் பூனையும் மட்டும் தூங்கி எழுந்ததும் பழக்கதோஷத்தில் ஒருமுறை உடம்பை நீட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். மனுஷன்தான் அதை விடவில்லை. குளிர்ந்து கிடந்த நாளை அவன் மறக்கவில்லை. செய்து செய்து அவன் கை முழங்காலைத் தாண்டியது, பிறகு தரையைத் தொட்டது. கடைசியில் முட்டி படாமல் இறங்குகிற பலமும் வந்துவிட்டது. ஒற்றைக்காலார், நீ முன்வரிசைக்கு வந்துவிட்டாய், இனி முட்டி வேண்டாம் என்றார். காத்தான் பாறையைப் பார்த்தான். அங்கே வெயிலில் கரட்டாண்டி இருந்தான்.

"இருக்கட்டும் ஐயா. முட்டி வைத்துத்தான் எனக்குச் சூடு வந்தது. அதை ஏன் விட வேண்டும்?" என்றான் காத்தான். தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் அந்த இடத்தை விடாமல் சொல்லிக்கொடுத்தான். சூரிய வணக்கத்தில் நடுவே முட்டியும் நெஞ்சும் தாடையும் தரையில் படுகிற நிலை அப்படி வந்ததுதான். கைதேர்ந்தவனும் வைக்கிறான், நேற்று ஆரம்பித்தவனும் வைக்கிறான்.

கரட்டாண்டி வெயில் ஏறினால் பாறைக்கு வந்துவிடுவான். சும்மா உட்கார்ந்தால் போதும் என்று சூரியன் சொல்லியிருந்தும் அவன் சும்மா உட்காரவில்லை. முன்னங்கையை ஊன்றிப் பலகைக்குப் போவான். இறங்குவான், எழுவான். கழுத்து சிவக்கும்.

ஒரு நாள் வேலம்மை பக்கத்துச் செடியிலிருந்து கேட்டாள். "இப்போதான் யாரும் பார்க்கலையே. ஒரே ஒரு தடவை முட்டியை வச்சாத்தான் என்னங்க?"

அவன் இன்னொரு தடவை இறங்கி எழுந்தான். பிறகு சொன்னான். "இப்போ வச்சா, அன்னைக்கே வச்சிருக்கலாம்னு ஆயிடும் புள்ள."

வேலம்மை செடியிலேயே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அவனைப் பார்த்தபடி இருந்தாள்.

அந்தத் தை முதல்தான், வெயில் ஏறியதும் ஓணான் கல்லின்மேலோ வேலிமேலோ கழுத்துச் சிவக்க நின்று, கையை ஊன்றி எழுந்து எழுந்து தாழ்கிறது. போய்ப் பாருங்கள், அதன் முட்டி இன்னும் தரையைத் தொடவில்லை.